வட்டத்தில் விட்ட வாசல்

நாங்கள் போய் இறங்கியபோது அந்த வீட்டில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற இடங்களில் ஒட்டடை அடிப்பது என்றால் இருப்பதை எடுப்பது. சினிமாவில் இல்லாததை ஒட்டுவது. பல காலம் பூட்டிக் கிடந்த பெரிய வீடு அது. சொந்த ஒட்டடை ஏராளமாகவே இருந்தது. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் அது சரியாகத் தெரியாதாம். எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டு, கலை இயக்குநரின் ஆட்கள் ஏதோ பசையைக் குட்டி மின்விசிறியில் விட்டு, புது நூலாம்படை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா வாலு, பேய் வீட்டுக்கே மேக்கப்," என்றான் அண்ணன்.

அண்ணன்தான் அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளன். நான் அவனுடைய ஃபோகஸ் புல்லர். கேமராவுக்கும் நடிப்பவருக்கும் நடுவிலுள்ள தூரம் மாற மாற, முகம் மங்கிப்போகாமல் லென்ஸைத் திருப்பிக்கொண்டே இருப்பது என் வேலை. எல்லாம் சரியாக இருந்தால் யாருக்கும் என் ஞாபகமே வராது. முகம் மங்கினால் மட்டும் ஊரே கூடி என்னைத் தேடும்.

எனக்குத் துணையாக ஒரு கருவி உண்டு. கேமராவின் நெற்றியில் நத்தைக் கொம்பு மாதிரி இரண்டு சின்னக் குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நம் காதுக்கு எட்டாத ஓர் ஒலியை அது எதிரே அனுப்பும். எதன் மீது பட்டுத் திரும்புகிறதோ அதன் தூரத்தைச் சிவப்பு எண்ணில் காட்டும். வௌவால் செய்கிற அதே வேலை. எதிரே இருப்பது நாற்காலியா மனுஷியா என்று அதற்குத் தெரியாது. ஏதோ இருக்கிறது, இத்தனை அடியில் இருக்கிறது. அவ்வளவுதான் அது சொல்லும்.

அதற்குக் கற்பனை கிடையாது. அதனால்தான் அன்று நடந்ததை என்னால் கற்பனை என்று ஒதுக்க முடியவில்லை.

வீட்டின் சன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி ஆணி அடித்திருந்தார்கள். வெளியே கண்ணைக் கூசும் வெயில். வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்தால் நடுநிசி. சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வந்தால் ஒவ்வொரு தடவையும் பகலைப் பார்த்து அதிர்ச்சியாக இருக்கும். உள்ளே புதுப் பெயிண்ட் வாசனை, அதற்கு அடியில் ஈரச் சுவர் வாசனை, அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒன்று.

படத்தின் கதை இந்த வகைப் படங்களில் வழக்கமாக வருவதுதான். பெரிய மாளிகையில் தனியாக வாழும் சீமாட்டி, செத்துப்போன கணவனை மந்திர வட்டம் போட்டு வரவழைக்கிறாள். வருவது பேயாக வருகிறது. கடைசியில் மாளிகையோடு எரிந்து போகிறது. நாங்கள் அன்று எடுக்க வேண்டியது அந்த அழைக்கும் காட்சி. நீண்ட கூடத்தின் கோடியில் ஓர் அறை. தரையில் பெரிய சுண்ணாம்பு வட்டம். வட்டத்தைச் சுற்றிலும் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துகள். கறுப்பு மெழுகுவர்த்திகள். நடுவில் ஒரு வெள்ளிக் கிண்ணம்.

மந்திரத்தை எழுதியவர் வசனகர்த்தா. சோடாப்புட்டி அடி மாதிரி கனமான கண்ணாடி போட்டிருப்பார். யூனிட்டே அவரைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடும், அவரும் திரும்பிப் பார்ப்பார்.

"இந்த மந்திரமெல்லாம் எங்க சார் புடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"எங்கயும் புடிக்கல. வீட்ல இருமல் மருந்து டப்பா இருந்துச்சு. அதுல போட்டிருந்ததைக் கடைசி எழுத்துலேர்ந்து பின்னாடியே எழுதிக்கிட்டு வந்தேன். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.' இதைத் தலைகீழா சொல்லிப் பாரு, உனக்கே ஜுரம் வந்துடும்."

"வட்டமும் உங்க சரக்குதானா?"

"அது மட்டும் இல்ல. அது எல்லாப் பழைய படத்துலயும் இருக்கு. வட்டத்துக்குள்ள உக்காந்துகிட்டுக் கூப்பிடணும். வர்றது வெளியிலயே நிக்கும். கோடு தாண்டாது. அதான் காவல்."

அங்கேதான் சிக்கல். இயக்குநர் அந்த ஷாட்டை ஒரே ஓட்டமாகக் கேட்டார். கூடத்தின் இருட்டிலிருந்து கேமரா மெல்ல மெல்ல நகர்ந்து, அறைக்குள் நுழைந்து, வட்டத்துக்குள்ளேயே போய், சீமாட்டியின் முகத்தருகே நிற்க வேண்டும். அப்படியென்றால் டிராலி ஓடுகிற தண்டவாளம் வட்டத்துக்குள் போக வேண்டும். தண்டவாளம் படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வது அண்ணன் பாடு. ஆனால் சக்கரம் சுண்ணாம்பை மிதித்துக் கசக்கியதால், கலை இயக்குநர் அந்த இடத்தில் கோட்டை அழித்து, இரண்டு முழத்துக்கு இடைவெளி விட்டுவிட்டார்.

கண்ணாடி குனிந்து பார்த்துச் சிரித்தார். "வட்டத்துல வாசல் வெச்சுட்டீங்களே. இனிமே யார் வேணாலும் உள்ள வரலாமே."

"கேமரா மட்டும்தான் சார் வரும்," என்றார் இயக்குநர்.

சீமாட்டியாக நடித்தவர் ஒரு காலத்தில் மகாராணி வேடங்களாகவே போட்டவர். பிறகு அம்மா வேடங்கள். பிறகு அதுவும் இல்லை. எல்லோரும் அவரை மேடம் என்பார்கள். எனக்கு மட்டும் அக்கா. முதல் நாளே, "மேடம் மேடம்னு கூப்பிட்டு என்னை டீச்சர் ஆக்காத கண்ணு" என்று சொல்லிவிட்டார்.

அன்று ஒப்பனை முடிந்து காத்திருந்தபோது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கறுப்பு உடையில், வெள்ளையடித்த முகத்தோடு, கையில் தேநீர் டம்ளரோடு இருந்தார்.

"இந்த சீனுக்காகத்தான் படத்தையே ஒத்துக்கிட்டேன், தெரியுமா?" என்றார்.

அவருடைய கணவர் போன வருடம் இறந்தது எல்லோருக்கும் தெரியும். கணக்கு வாத்தியாராக இருந்தவர். காலையில் பேருந்துக்கு நின்றிருந்த இடத்திலேயே சரிந்துவிட்டாராம்.

"கிளம்பறப்ப வாசல்லேர்ந்து குரல் குடுத்தாரு. 'போயிட்டு வரேன்'னாரு. நான் போன்ல யார்கிட்டயோ பேசிக்கிட்டிருந்தேன். கையை மட்டும் ஆட்டினேன்." தேநீரில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கினார். "போறேன்னு சொல்லிட்டுப் போயிருந்தா விட்டிருப்பேன் கண்ணு. வரேன்னுல்ல சொன்னாரு?"

அதற்குள் ஷாட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

முதல் டேக் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. நான் டிராலியில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து இருவர் தள்ள, நாங்கள் இருட்டில் மிதப்பது போல நகர்ந்தோம். சிவப்பு எண் பதினெட்டில் தொடங்கி ஒழுங்காகக் குறைந்து ஆறில் வந்து நின்றது. அக்கா இருமல் மருந்தைத் தலைகீழாகச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் இயக்குநர் தலையைச் சொறிந்தார்.

"ஏதோ குறையுது மேடம்."

"எனக்கே தெரியுது தம்பி. இந்த மந்திரம் வாய்ல நிக்க மாட்டேங்குது. டப்பிங்ல இதையே கரெக்டா சொல்லிடறேன். இப்ப என் வார்த்தையில பேசிக்கட்டுமா?"

"தாராளமா. உதடு அசைஞ்சா போதும்."

இரண்டாவது டேக். விளக்குகள் அணைந்தன. மெழுகுவர்த்திகள் மட்டும் எரிந்தன. "ஆக்‌ஷன்" என்ற சொல் கூடத்தில் ஓடி, எங்கோ மோதித் தேய்ந்தது. டிராலி நகரத் தொடங்கியது.

அக்கா கண்களை மூடிக்கொண்டார். குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டார்.

"போயிட்டு வரேன்னுதானே சொன்னீங்க. இன்னும் வரலியே. சாப்பாடு ஆறிப்போச்சு. வாங்க."

எங்கள் யூனிட்டில் எப்போதும் யாராவது இருமுவார்கள், எதையாவது உருட்டுவார்கள். அன்று ஒரு சத்தமும் இல்லை.

பதினேழு. பதினாறு. பதினைந்து.

மூன்று.

நான் கண்ணைக் கொட்டிப் பார்த்தேன். மூன்றுதான். எங்களுக்கு மூன்றடி முன்னால் ஏதோ இருப்பதாகக் கருவி சொன்னது. எங்களுக்கு முன்னால் வெறும் தண்டவாளமும் இருட்டும்தான் இருந்தன. கேபிள் தளர்ந்திருக்கும் என்று நினைத்து, கருவியை நம்பாமல் தரையில் போட்டிருந்த குறிகளைப் பார்த்தே லென்ஸைத் திருப்பினேன்.

டிராலி நகர்ந்துகொண்டே இருந்தது. எண் மாறவில்லை. முன்னால் ஒரு பொருள் சும்மா கிடந்தால், நாங்கள் நெருங்க நெருங்க எண் குறைய வேண்டும். மூன்று மூன்றாகவே இருந்தது.

எங்களுக்கு முன்னால், நாங்கள் போகிற அதே வேகத்தில், ஏதோ ஒன்று நடந்து போய்க்கொண்டிருந்தது.

வட்டத்தின் இடைவெளி வந்தது. அங்கே எண் சட்டென்று விழுந்தது. இரண்டு. ஒன்று. அது நின்றுவிட்டது, நாங்கள் நிற்கவில்லை. கருவி எண்ணைக் காட்டாமல் வெறும் கோடுகளைக் காட்டியது. அந்த நொடியில் என் முகத்தின் மீது எதுவோ கடந்து போனது. காற்று என்று சொல்ல முடியாது. வாசனை என்றாலும் சரியில்லை. பெயிண்ட், மெழுகு, வியர்வை என்று அங்கே இருந்த எல்லா வாசனையும் ஒரு மூச்சுக்கு இல்லாமல் போய், மறு மூச்சில் திரும்பி வந்தது.

எண் ஆறு என்றது. எதிரே அக்காவின் முகம். கூர்மையாக, தெளிவாக.

"கட்! பிரமாதம் மேடம்!" இயக்குநர் கிட்டத்தட்டக் குதித்தார். "இதேதான் வேணும். இன்னொண்ணு எடுத்துக்கலாம், பாதுகாப்புக்கு."

நான் அண்ணன் காதோடு சொன்னேன். அவன் சிரிக்கத்தான் செய்தான். கேபிளைப் பிடுங்கிச் செருகினான், குழல்களை ஊதித் துடைத்தான். பிறகு என் மனத் திருப்திக்காக இறங்கிப் போய், வட்டத்தின் இடைவெளியில் நின்று காற்றில் கையைத் துழாவினான்.

"எங்க? இங்கயா? இல்ல இங்..."

பாதியில் நிறுத்தினான். கையை வெடுக்கென்று இழுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்ல."

"முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல?" என்றான். நேராக இயக்குநரிடம் போய், இன்றைக்கு இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று கேட்டான். இயக்குநர் அவனை வேற்றுக்கிரகத்து ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். அதற்குள் அக்காவே வட்டத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னொண்ணு போலாம் தம்பி. நான் ரெடி."

அண்ணன் திரும்பி வந்து கேமராவின் பின்னால் உட்கார்ந்தான். அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை. மறு கையால்தான் கைப்பிடியைப் பிடித்தான்.

மூன்றாவது டேக். டிராலி அசைவதற்கு முன்பே எண் மூன்றாக இருந்தது.

அது எங்களோடு பின்னால் வந்து, தொடக்க இடத்தில் காத்திருந்தது.

நகர்ந்தோம். சக்கரம் உருளும் மெல்லிய உறுமல். மெழுகுவர்த்திச் சுடர்கள் ஒன்றுகூட அசையவில்லை. அதுவே எனக்கு அச்சமாக இருந்தது. டிராலி போனால் காற்று எழும், சுடர் ஆடும். அவை வரைந்து வைத்தது போல நின்றன.

"வாலு," அண்ணன் உதடு அசையாமல் முணுமுணுத்தான். "மேடம் பார்வை தப்பா இருக்கு. லென்ஸைப் பாக்கல."

"எங்க பாக்கறாங்க?"

"மேல. லென்ஸுக்கு ரொம்ப மேல."

கேமராவின் குட்டித் திரையில் பார்த்தேன். அக்கா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நிற்கிற மிக உயரமான ஒருவரின் முகத்தைப் பார்க்கிற பார்வை. அவர் முகத்தில் முதலில் ஒரு தவிப்பு. பிறகு புரியாமை. பிறகு ஏதோ ஒன்று அடங்கிப்போனது, ஒத்துக்கொண்டது போல.

இடைவெளி வந்தது. இம்முறையும் அது அங்கே நின்றுவிடும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அக்கா கையை நீட்டினார்.

"உள்ள வாங்க," என்றார்.

எண் விழவில்லை. மூன்று. அது கோட்டைத் தாண்டிவிட்டது.

டிராலி கடைசிக் குறியில் வந்து நின்றது. நாங்கள் அசையவில்லை. எண் மட்டும் ஏறத் தொடங்கியது.

மூன்றரை.

நான்கு.

எங்களை விட்டு விலகி, அவரை நோக்கி.

"கட்!" என்று யாரோ அலறினார்கள். என் குரல் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

படப்பிடிப்பில் அந்தச் சொல்லை இயக்குநர் ஒருவர்தான் சொல்லலாம். வேறு யார் சொன்னாலும் மன்னிப்பு கிடையாது. விளக்குகள் எரிந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இயக்குநர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். அண்ணன் குறுக்கே வந்து ஏதோ சமாளித்தான். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. நான் அக்காவைத்தான் பார்த்தேன். நீட்டிய கையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். களைத்துத் தூங்கி எழுந்தவர் போல இருந்தது அவர் முகம்.

எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றுமில்லை. போய்விட்டது என்று நினைத்தேன். பழக்க தோஷத்தில் அளவு நாடாவை எடுத்து லென்ஸிலிருந்து அவர் நெஞ்சு வரை பிடித்துப் பார்த்தேன். சரியாக ஆறடி.

கருவி ஐந்தரை என்றது.

மறுபடி பிடித்தேன். நாடா ஆறு. கருவி ஐந்தரை.

"என்ன கண்ணு, அளந்துகிட்டே இருக்க?" என்று அக்கா கேட்டார். மெல்லச் சிரித்தார்.

அன்று மாலை அவர் கிளம்பியபோது வாசலில் நின்றிருந்தேன். ஓட்டுநர் காரின் பின்கதவைத் திறந்துவிட்டார். அக்கா ஏறி, மறு ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். ஓட்டுநர் கதவைச் சாத்தப் போனார். "இருப்பா," என்றார் அக்கா. ஓட்டுநர் கதவைப் பிடித்தபடி நின்றார். சற்றுப் பொறுத்து, "ம். இப்ப சாத்து," என்றார்.

திரும்பி வரும்போது அண்ணன் வீட்டருகே வந்தபின்தான் சொன்னான்.

"யாரோ கை குலுக்கின மாதிரி இருந்துச்சு வாலு. இறுக்கிப் புடிச்சு. பழக்கமானவங்க மாதிரி."

படம் முடிந்தது. மூன்றாவது டேக்கில் நான் கத்துவதற்கு முந்தைய பகுதியைத்தான் இயக்குநர் வைத்துக்கொண்டார். அக்காவின் அந்தப் பார்வையைக் காட்டித்தான் வியாபாரமே நடந்தது. டப்பிங்குக்கு அக்கா ஒரு தடவை வந்து, இருமல் மருந்து மந்திரத்தை ஒரு பிழையும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. போன் செய்தால் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவார். ஒப்பனைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "மேடம் ரகசியமா கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க போலிருக்கு. போன்ல பின்னாடி ஆம்பள செருமற சத்தம் கேக்குது."

அன்றே வசனகர்த்தா கண்ணாடியைத் தேடிப் போனேன்.

"சார், கூப்பிடறதுக்கு மந்திரம் எழுதினீங்களே, திருப்பி அனுப்பறதுக்கு?"

"அதுக்கு சீனே இல்லையேம்மா. அதான் க்ளைமாக்ஸ்ல வீட்டைக் கொளுத்திடறோமே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன், யாராவது வந்துட்டாங்களா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

மறுநாள் பகல் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கார் ஓட்டி வந்தான், ஆனால் இறங்கவில்லை. "நான் வரல. அந்தக் கையைத் திரும்பப் புடிக்க என்னால ஆகாது. ஏதாவதுன்னா கத்து, ஓடி வரேன்."

ஒரு மாடி வைத்த சாதாரண வீடு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு மணி அடித்தேன். அக்காவே திறந்தார். பாதியாக இளைத்திருந்தார். கண்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

"வா கண்ணு, வா. உன்னைப் பத்திதான் பேச்சு."

யாரோடு பேச்சு என்று நான் கேட்கவில்லை. கூடத்தில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் சோறு தொடாமல் காய்ந்திருந்தது. தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

அப்போது மாடிப்படியில் காலடி கேட்டது. தட்... தட்... தட். கனமாக, நிதானமாக, கீழிருந்து மேலே. நான் இருந்த இடத்திலிருந்து படிக்கட்டு முழுவதும் தெரிந்தது.

அதில் யாருமில்லை.

"அக்கா..."

"பயப்படாத. ஏறிப் பழகறாரு."

டம்ளரைக் கீழே வைத்தேன். மாடியில் சத்தம் அடங்கியது. சிறிது நேரம் கழித்து மறுபடி. தட்... தட்... தட். கீழிருந்து மேலே.

"நடுவுல எப்பக்கா இறங்கினாரு?"

"அதான் எனக்கும் புரியல." அக்கா படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். "இறங்கத் தெரியல அவருக்கு. ஏறத்தான் தெரியும். எத்தனை நாளா பாக்கறேன், இறங்கி ஒரு நாளும் கேட்டதில்ல."

நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எலும்பாக இருந்தது. "அக்கா, கார் வாசல்ல இருக்கு. எங்க வீட்டுக்கு வந்துடுங்க. ரெண்டு துணி எடுத்துக்கிட்டு இப்பவே கிளம்புங்க. இது உங்க வீட்டுக்காரர் இல்ல."

"தெரியும்."

அவ்வளவு சாதாரணமாக அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அன்னிக்கே தெரியும் கண்ணு. எங்க ஆளு என் தோள் உசரம்தான். செருப்போட சேர்த்தாக்கூட என் காது வரைக்கும் வர மாட்டாரு. அன்னிக்கு முகத்தைப் பாக்க நான் உத்தரம் வரைக்கும் அண்ணாந்து பாக்க வேண்டியிருந்துச்சு."

"தெரிஞ்சுமா உள்ள வாங்கன்னீங்க?"

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"கூப்பிட்டது நான். யாரோ ஒருத்தர் அதைக் கேட்டு அவ்வளவு தூரம் வந்து நிக்கறாங்க. நீ அவர் இல்ல, போன்னு சொல்ல வாய் வரல. ஒரு வருஷமா இந்த வீட்ல நான் தட்டு வெக்கற சத்தம் மட்டும்தான். இப்ப மாடியில யாரோ நடக்கறாங்க. செருமறாங்க. முதல்ல அதுகூட வரல, நாய் குரைக்கற மாதிரி இருந்துச்சு. நான்தான் சொல்லிக் குடுத்தேன்." கண் கலங்கியிருந்தது, உதடு சிரித்தது. "நல்லாக் கத்துக்கறாரு."

"அக்கா, கண்ணாடியில உங்களைப் பாத்தீங்களா? நீங்க பாதி ஆள்தான் இருக்கீங்க."

"மீதிப் பாதி யாருக்குக் கண்ணு?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும்தான் எனக்குப் பிடிக்கல. உன்னையே கேட்டுக்கிட்டிருக்காரு. அன்னிக்குக் கத்தினது யாரு, கத்தினது யாருன்னு. நான் சொல்லல. இன்னிக்கு நீ வந்திருக்க வேண்டாம்."

மேலே, படிக்கட்டு முடிகிற இடத்தில், ஒரு செருமல் கேட்டது. ஆண் குரல். கிட்டத்தட்ட மனிதக் குரல்.

"கிளம்பு," என்றார் அக்கா. என்னைத் தள்ளாத குறையாக வாசலுக்குக் கூட்டி வந்தார். "ஓடு கண்ணு. திரும்பிப் பாக்காத."

வாசலில் என் செருப்பு இல்லை.

திரும்பிப் பார்த்துவிட்டேன். கூடத்துக்குள், படிக்கட்டின் அடியில், என் செருப்பு ஜோடியாக இருந்தது. முன்பக்கம் மாடியைப் பார்த்தபடி, பக்கத்தில் பக்கத்தில், அழகாக. நான் மேலே போயிருக்கிற மாதிரி.

வெறுங்காலோடு ஓடி வந்து காரில் விழுந்தேன். சரளைக்கல் குத்திக் கால் ரத்தமாக இருந்தது. அண்ணன் ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டியை எடுத்தான்.

நாங்கள் இருவரும் இருப்பது ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஏறி வந்து, கதவைத் தாழிட்டு, காலைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டேன். அண்ணன் மருந்து வாங்கக் கடைக்குப் போனான். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. தெருவில் யாரோ காய்கறி விலை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

போன் அடித்தது. அக்கா.

"செருப்பை விட்டுட்டுப் போயிட்டியே கண்ணு."

"இருக்கட்டும்கா. தூக்கிப் போட்டுடுங்க."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அழுதுகொண்டிருக்கிறார் என்று மெல்லத்தான் புரிந்தது.

"என்னக்கா?"

"வீடு ரொம்ப அமைதியா இருக்கும்மா," என்றார். "செருப்பு இங்க இல்ல. உன்கிட்ட குடுக்கறதுக்காக எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெளியே மாடிப்படியில் காலடி கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிற, எனக்கு நன்றாகத் தெரிந்த காலடி. அண்ணன்தான். கதவைத் தட்டிக்கொண்டே கத்தினான்.

"ஏய் வாலு! செருப்பை வீட்டு வாசல்ல விடாம, ஏன் பாதிப் படியில கழட்டி வெச்சிருக்க?"